ஸ்கைரிமா, விட்சர் 3-ஆ? ராத்திரி ஒன்றரை மணி நேரம் மட்டும் கிடைக்கிறவருக்கு ஒரு பதில்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர் கேட்டது இது: "அண்ணா, ஸ்கைரிம் வாங்கறதா, விட்சர் 3 வாங்கறதா? ரெண்டுமே சூப்பர்னுதான் எல்லாரும் சொல்றாங்க. கையில ஒண்ணுக்குத்தான் காசு கீது. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ராத்திரி ஒன்றரை மணி நேரம் கெடைச்சாலே பெருசு. லேப்டாப்புல 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கெடையாது. நெட்டு போன் ஹாட்ஸ்பாட்தான். இன்னா சொல்றீங்க?"

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்கைரிம் வாங்கு. விட்சரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இந்த இரண்டு கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் எது பெரியது என்று கேட்டிருந்தால் நான் விட்சர் பக்கம்தான் சாய்ந்திருப்பேன். பிறகு ஏன் ஸ்கைரிம் என்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். நான் காட்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் லேப்டாப்பிலிருந்து ஆரம்பிப்பேன் என்று நினைத்திருப்பாய். அது கடைசியில் வரும்.

இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடம் எத்தனை பெரியது, எதில் புல் அசைவது அழகு என்று போய்விடுகிறார்கள். அந்தக் கணக்கு உனக்கு உதவாது. ஸ்கைரிம் 2011 நவம்பர் 11-ல் வந்தது, அமெரிக்காவின் பெதெஸ்டா செய்தது. விட்சர் 3 வந்தது 2015 மே 19-ல், போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்தது. நடுவில் மூன்றரை வருஷம். புதியது கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், இதில் பேச ஒன்றுமில்லை. உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நீ யாராக விளையாடுகிறாய் என்பதில்.

நம் வட ஆர்க்காட்டுப் பக்கம் சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து பார்த்திருப்பாய். கர்ணன் வேஷம் கட்டியவர் விடிவதற்குள் சாகப் போகிறார் என்று பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற ஆயாவுக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் எழுந்து போவதில்லை. குந்தி வந்து நிற்கும்போது அவன் என்ன பேசுவான், எந்தக் குரலில் பேசுவான், அதற்காகத்தான் கண் விழிக்கிறோம். விட்சர் அந்த மாதிரி. வேஷம் உனக்குக் கட்டியே கொடுத்துவிடுகிறார்கள். கெரால்ட் என்கிற நரைத்த தலைக்காரன், காசு வாங்கிக்கொண்டு பேய் பிசாசுகளைக் கொல்கிறவன், வளர்ப்பு மகள் சிரியைத் தேடிப் போகிறான். அவன் முகத்தையோ பெயரையோ பழைய காதலையோ நீ மாற்ற முடியாது. அந்த ஆளாக நின்று, இந்த இடத்தில் என்ன சொல்வாய், யாரை விடுவாய், யாரை வெட்டுவாய் என்பதுதான் உன் கையில்.

ஸ்கைரிமில் வேஷமும் கிடையாது, பாட்டும் கிடையாது, ஆடுகிற இடத்தை மட்டும் கொடுப்பார்கள். மாட்டு வண்டி மாதிரி ஒரு குதிரை வண்டியில் கையைக் கட்டிக் கூட்டிப் போகிறார்கள், தலையை வெட்டப் போகிறார்கள், பெயர் கேட்கிறார்கள். அங்கேதான் பத்து இனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூக்கு, தாடி, தழும்பு வரை நீயே செய்துகொள்கிறாய். வெட்டுக்கட்டையில் தலை வைக்கும் நேரத்தில் டிராகன் வந்து ஊரையே கொளுத்துகிறது. தப்பி ஓடிக் குகை வழியாக வெளியே வந்தால் எதிரே மலை, பனி, ஒரு பாதை. கூட வந்தவன் "ரிவர்வுட் போ" என்பான். போகாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து டிராகனை மறந்துவிட்டு மாதக் கணக்கில் மூலிகை பறித்துக்கொண்டே திரியலாம்.

இந்தச் சுதந்திரம் சிலருக்கு அமிர்தம், சிலருக்கு வெறுப்பு. கடைக்கு வரும் பையன் ஒருத்தன் ரெண்டே நாளில் வந்து, "இன்னாண்ணா இது, எங்க போணும்னு எவனும் சொல்ல மாட்றான்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவனுக்கு வேண்டியது கதை.

ஸ்கைரிம் எங்கே ஜெயிக்கிறது என்பதற்கு ஒரே இடத்தைக் காட்டுகிறேன். வடக்குக் கடலோரப் பனியில் ஃப்ராஸ்ட்ஃப்ளோ என்று ஒரு கலங்கரை விளக்கம் நிற்கும். அங்கே போ என்று உன்னை யாரும் அனுப்ப மாட்டார்கள். குளிருக்கு ஒதுங்குகிற மாதிரி நீயாகக் கதவைத் திறந்து போனால்தான் உண்டு. உள்ளே ஒரு பெண் செத்துக் கிடப்பாள். அவள் எழுதிய நாட்குறிப்பு அங்கேயே கிடைக்கும். கணவனுக்காக இந்தத் தனிமைக்குக் குடிவந்தது, பிள்ளைகளுக்கு இந்த இடம் பிடிக்காதது, கீழ் அறையிலிருந்து ராத்திரியில் ஏதோ சத்தம் வருவது, எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கீழ் அறைக்கு நீயே இறங்க வேண்டும். சுவர் உடைந்திருக்கும். அந்தப் பக்கம் குகை, குருட்டு மனிதர்கள், பெரிய பெரிய பூச்சிகள். குடும்பத்தில் மற்றவர்களுக்கு என்ன ஆனது என்பது காகிதம் காகிதமாகக் கிடைக்கும். செத்த பிறகு தன் மிச்சத்தை விளக்கின் நெருப்பிலேயே போட வேண்டும், அங்கிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கணவன் ஆசைப்பட்டிருப்பான். அவனுடைய மிச்சம் எங்கே கிடைக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன். அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறி நெருப்பில் போட்டால் உனக்கு ஒரு சின்ன வரம் கிடைக்கும், குணமாக்கும் மந்திரம் பத்து சதவீதம் கூடுதலாக வேலை செய்யும். "இதைச் செய்" என்று திரையில் எழுத்து வராது. ஆனாலும் விளையாடுகிறவர்கள் செய்கிறார்கள்.

ஸ்கைரிமின் நல்ல கதைகள் இப்படித்தான் மேஜை மேலும் எலும்புக்கூட்டின் கைப்பிடியிலும் கிடக்கும். வாயைத் திறந்து பேசுகிற கதைகள்தான் சப்பை. முதன்மைக் கதையில் நீ டிராகன் ரத்தக்காரன், உலகை அழிக்க வந்த ஆல்டூயினைக் கொல்ல வேண்டும். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மலை உச்சிச் சாமியார்களிடம் போய்க் கத்துவதற்குக் கற்றுக்கொள்வாய், அந்தக் கத்தலில் ஆள் பத்தடி தள்ளிப் போய் விழுவதில் இருக்கும் சந்தோஷம் கதையில் இல்லை. உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் காவல்காரனின் சட்டை நிறம் மாறும், சில ஊர்களில் தலைவன் மாறுவான், அவ்வளவுதான். மந்திரக் கல்லூரிக்குத் தலைவனாக ஆவதற்கு மந்திரம் பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை. அதே ஆள் திருடர் கூட்டத்துக்கும் தலைவன், கொலைகாரர் கூட்டத்துக்கும் தலைவன். இத்தனையும் ஆன பிறகும் வாசலில் நிற்கும் காவல்காரன் உன்னைப் பார்த்து, "யாராவது உன் மிட்டாய் ரொட்டியைத் திருடிட்டாங்களா?" என்பான்.

விட்சருக்கு வருவோம். இங்கே பேசுகிற மனிதர்கள்தான் எல்லாம். வெலன் என்று ஒரு சதுப்பு நிலப் பகுதி. போர் மிதித்துவிட்டுப் போன நாடு. சாலையோர மரத்தில் வரிசையாகத் தூக்கில் தொங்கும் உடல்கள், பசித்த கிராமங்கள், செத்த குதிரைகள். அந்தப் பகுதியைத் தன் கையில் வைத்திருக்கிறவன் ஒரு தடித்த ஆள், குடிகாரன், எல்லோரும் 'பிளடி பாரன்' என்பார்கள். அவன் மனைவியும் மகளும் காணாமல் போய்விட்டார்கள். சிரியைப் பற்றி அவனுக்குத் தெரியும், ஆனால் முதலில் இவர்களைக் கண்டுபிடித்துக் கொடு என்கிறான். தேடத் தேட, அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிய வரும். உடைந்த மெழுகுவர்த்தித் தண்டு, ஓவியம் மறைத்திருக்கும் சுவர், சிந்திய மது. அவர்கள் காணாமல் போகவில்லை, அவனிடமிருந்து ஓடிப்போயிருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு வருகிற ராத்திரிதான் எனக்கு இன்றும் மறக்காதது. கருவிலேயே செத்து, பெயர் வைக்காமல், சடங்கு செய்யாமல் புதைத்த பிள்ளை பேயாய் எழுந்திருக்கிறது. நீ அதைக் கொல்லலாம். இல்லையென்றால் அப்பனிடமே அந்தப் பேய்ப் பிள்ளையைக் கையில் ஏந்தச் சொல்லி, மழையில், காற்றில், கோட்டை வாசல் வரை நடத்திக் கூட்டிப் போகலாம். வழியில் அது சிணுங்கும், உருமாறப் பார்க்கும், நீ மந்திரத்தால் அமைதிப்படுத்த வேண்டும். வாசற்படியில் குழி தோண்டி, அவன் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்து, மகள் என்று ஏற்றுக்கொண்டு புதைக்க வேண்டும். அத்தனை நேரம் அவன் மேல் இருந்த அருவருப்பு போகாது, ஆனால் அவனோடு சேர்ந்து நடந்துவிட்டாய். வீட்டு வாசற்படிக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை தெரிந்தவனுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். போலந்துப் பகுதி நாட்டுப்புற நம்பிக்கைகளிலிருந்து எடுத்தவை இப்படி நிறைய விட்சரில் இருக்கின்றன. ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கி எழுதிய நாவல்களிலிருந்து வந்த உலகம் அது. நட்டநடு வெயிலில் வயலில் அலைகிற பெண் பேய் ஒன்றை முதல் கிராமத்திலேயே சந்திப்பாய். உச்சி வேளையில் கிணற்றுப் பக்கம் போகாதே என்று நம் வீட்டிலும் சொல்லித்தானே வளர்த்தார்கள்.

இன்னொரு முடிவும் இதே பகுதியில் வரும், ஒரு குன்றுக்குள், ஒரு மரத்தடியில் கட்டிப்போட்ட ஆவியிடம். விடுவித்தாலும் கெட்டது, கொன்றாலும் கெட்டது. என்ன கெட்டது என்பது உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து வேறு இடத்தில், வேறு ஆட்கள் வழியாகத் தெரியும். பழைய சேவ் கோப்பை எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் வெகுதூரம் வந்திருப்பாய். விட்சரின் கெட்டிக்காரத்தனம் இந்தத் தாமதத்தில் இருக்கிறது. கடைசி முடிவும் அப்படித்தான். பெரிய சண்டைகளில் எவ்வளவு திறமையாக வாள் வீசினாய் என்பதை வைத்து அது மாறாது. இடையில் சில இடங்களில் வளர்ந்த மகளிடம் அப்பனாக எப்படி நடந்துகொண்டாய் என்பதை வைத்து மாறும். விளையாடும்போது அது தேர்வு என்றே தோன்றாது.

சின்ன வேலைகளிலும் இதே கவனம். ஆரம்ப கிராமத்தில் ஒரு கிழவி தன் வாணலியை வாங்கிப் போனவன் திருப்பித் தரவில்லை, பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடு என்பாள். பேயைக் கொல்கிறவனிடம் வாணலி கேட்கிறாள். கதவைத் தள்ளிப் போனால் உள்ளே பிணம், எரித்த காகிதம். வாணலி மட்டும் பளபளவென்று சுத்தமாக இருக்கும், அதிலிருந்த கரியைச் சுரண்டி எழுத மை செய்திருக்கிறார்கள். சண்டையே இல்லாத ஐந்து நிமிட வேலை, அதற்குள் ஒரு உளவுக் கதை.

இவ்வளவு சொன்ன பிறகு சண்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்கைரிமில் வாள் வீசுவது காற்றில் துடைப்பம் ஆட்டுகிற உணர்வுதான். வில்லும் ஒளிந்து நகர்வதும்தான் அதில் சுகம். எந்த வேஷத்தில் ஆரம்பித்தாலும் கடைசியில் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்து அம்பு விடுகிறவர்களாக ஆகிவிடுவது உலகறிந்த நகைச்சுவை. மொத்தம் 18 திறமைகள், எதைச் செய்கிறாயோ அது வளரும், கத்தி அடித்தால் கொல்லர் வேலை வளரும், பதுங்கினால் பதுங்கல் வளரும். சண்டை நடுவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இருபது பாலாடைக்கட்டி தின்று உயிரை ஏற்றிக்கொள்ளலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். விட்சரில் இரண்டு வாள், மனிதருக்கு எஃகு, பேய்களுக்கு வெள்ளி. கையால் போடும் ஐந்து மந்திரக் குறிகள், வாளுக்குப் பூசும் எண்ணெய், குடித்தால் விஷமும் ஏறுகிற மருந்து. கடின நிலையை மூன்றாவதாக இருப்பதில் வைத்துக்கொள். அதற்குக் கீழே வைத்தால் எண்ணெய், மருந்து எதுவும் தேவைப்படாது, பிசாசுகளைப் பற்றிப் படிக்கவும் தேவைப்படாது, விட்சர் தொழிலின் ருசியே போய்விடும்.

விட்சரின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும், அதன் ரசிகர்கள் சொல்ல மாட்டார்கள். ஸ்கெலிகே தீவுகளில் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள், படகில் போய்ப் பார்த்தால் கடத்தல்காரன் மூழ்கடித்த பெட்டி, மறுபடி பெட்டி, மறுபடி பெட்டி. அவற்றைத் தொடவே தொடாதே. 2022 டிசம்பர் அப்டேட்டுக்கு முந்தைய வடிவத்தில், ஆள் உயர மதில் இரண்டைச் சேர்த்தால் வருகிற உயரத்திலிருந்து குதித்தாலே கெரால்ட் செத்துப்போவான். வந்த புதிதில், பை எடுக்கப் போனால் பக்கத்து மெழுகுவர்த்தியைப் பற்றவைப்பான், இரண்டுக்கும் ஒரே பொத்தான். கூப்பிட்டால் குதிரை சில நேரம் கூரை மேல் நிற்கும். கிடைக்கிற வாள்களில் பாதியை உன் லெவல் போதாது என்று தொட முடியாது. தவிர, குவென்ட் என்று ஒரு சீட்டாட்டம் இருக்கிறது. மகளைத் தேடப் போன அப்பன் சத்திரம் சத்திரமாக உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருப்பான், நீயும் விடமாட்டாய்.

சரி, விட்சரை இவ்வளவு தூக்கிப் பேசிவிட்டு ஏன் ஸ்கைரிம் முதலில்? முதல் காரணம் வரிசை. விட்சரின் முகபாவங்களும் வசனங்களும் பழகிய பிறகு ஸ்கைரிம் போனால், மரப்பாச்சி முகங்களும் அதே குரல்களிலேயே திரும்பத் திரும்பப் பேசுகிற ஊர் ஜனமும் சகிக்காது. ஃப்ராஸ்ட்ஃப்ளோ மாதிரி இடங்களுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே விட்டுவிடுவாய். ஸ்கைரிமிலிருந்து விட்சருக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது உன் ஒன்றரை மணி நேரம். ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிற உடம்பு. ஸ்கைரிமில் ஒரு ராத்திரிக்கு ஒரு குகை, ஒரு பாழடைந்த கோட்டை, கொண்டு வந்ததைக் கடையில் விற்றுவிட்டுப் படுக்கலாம். நடுவில் நாலு நாள் விட்டாலும் எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. விட்சர் கவனம் கேட்கிறது. யார் யாருக்கு என்ன உறவு, எந்த ராஜா யாருடன், எல்லாம் பேச்சிலேயே வரும், அதுவும் பலவித உச்சரிப்பு ஆங்கிலத்தில். இரண்டிலும் தமிழ் கிடையாது, வசன வரிகளைப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும். சேவ் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் இதுவரை நடந்ததைக் கெரால்டின் நண்பன் கதையாகச் சொல்வான், அது நல்ல உதவி. ஆனாலும் பாரன் கதையை அரைத் தூக்கத்தில் முடிப்பது பாவம். கதையை மட்டும் ஓட்டினாலே விட்சர் 50 மணி நேரத்தை ஒட்டி வரும், பக்கவேலைகளை ஒன்று விடாமல் முடித்தால் அதைப்போல மூன்று மடங்கு. லீவு சேர்ந்து வரும்போது அதைத் தொடங்கு.

மூன்றாவதுதான் லேப்டாப்.

ஸ்கைரிமின் ஸ்பெஷல் எடிஷன் 2016-ல் வந்தது, அதைத்தான் வாங்க வேண்டும், மூன்று கூடுதல் கதைகளும் அதிலேயே உண்டு. ஆனிவர்சரி என்று கூடுதல் காசுக்கு இருப்பது இப்போது வேண்டாம். ஸ்பெஷல் எடிஷன் 12 ஜிபி கேட்கும். விட்சர் இப்போது 50 ஜிபி கேட்கிறது. நாளுக்கு ஒன்றரை ஜிபி வருகிற ப்ளானில் முதலாவது எட்டு நாள், இரண்டாவது ஒரு மாதத்துக்கு மேல். பிராட்பேண்ட் இருக்கும் நண்பன் வீட்டில் இறக்கிக்கொண்டு வரலாம். ஜிஓஜி என்கிற தளத்தில் வாங்கினால் இரண்டுக்குமே நிறுவும் கோப்பை அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்துகொண்டு வந்து நெட் இல்லாமலே போட்டுக்கொள்ள முடியும். ஓசியில் கிடைக்கிறது என்று யாராவது பென்டிரைவில் கொடுத்தால் வாங்காதே. அப்படி வந்த கோப்புகளால் வைரஸ் பிடித்து, சும்மா இருக்கும்போதே ஃபேன் கத்துகிற லேப்டாப்புகள் என் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

தனி கார்டு இல்லை என்றாயே, உள்ளே இருப்பது எது என்று பார். ரைசன் வேகா அல்லது இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்றால் ஸ்கைரிம் தாராளமாக ஓடும். விட்சரும் திரைத் தெளிவை 720-ல் வைத்து, எல்லாவற்றையும் குறைத்து வைத்தால் ஓடும். ஸ்டீம் என்கிற தளத்தில் வாங்கினால் விட்சரின் ப்ராபர்ட்டீஸில் பீட்டா பகுதிக்குப் போய், 2022 டிசம்பர் அப்டேட்டுக்கு முந்தைய கிளாசிக் வடிவத்தை எடுத்துக்கொள், அது இலகுவானது. பழைய யுஎச்டி கிராபிக்ஸ் என்றால் விட்சரை மறந்துவிடு, ஸ்கைரிமை மட்டும் குறைந்த அளவில் ஓட்டலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு யோசனை. உன் 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்து, இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போடு. உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்கி வேலை செய்கிறது, இரண்டு குச்சி ஆனதும் பாதை அகலமாகி ஆட்டம் கண்கூடாகச் சீராகும். புது விளையாட்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு இதுதான்.

வெயிலை மறக்காதே. கத்திரி நாட்களில் நம் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும், ராத்திரி பத்து மணிக்கும் சுவர் அனலடிக்கும். லேப்டாப் சூடானால் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், நீ விளையாட்டைத் திட்டுவாய். மெத்தை மேல் வைக்காதே, பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி வை, வருஷத்துக்கு ஒருமுறை தூசி ஊதி, ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பேஸ்ட்டை மாற்று. விட்சரை நொடிக்கு 30 ஃபிரேமில் கட்டிப்போடு. ஸ்கைரிமையும் 60-க்கு மேல் விடாதே. அதன் பௌதிகக் கணக்கு ஃபிரேம் வேகத்தோடு கட்டியது, மேலே போனால் ஆரம்பத்தில் வருகிற அந்தக் குதிரை வண்டியே குட்டிக்கரணம் போடும். கரண்ட் போகிற வீடு, பேட்டரி போன லேப்டாப் என்றால் ஸ்கைரிம்தான் சௌகரியம், எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம். விட்சரில் சண்டை நடுவில் சேவ் ஆகாது.

மோடு, அதாவது ரசிகர்கள் செய்து விளையாட்டில் சேர்க்கிற மாற்றங்கள் பற்றிக் கேட்பாய். ஸ்கைரிம் இத்தனை வருஷம் உயிரோடு இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். 2012-லேயே பெதெஸ்டா தன் கருவியை வெளியே கொடுத்தது, அதை வைத்து ரசிகர்கள் செய்த எண்டரால் என்கிற தனி விளையாட்டே ஸ்கைரிம் வைத்திருப்பவர்களுக்கு இலவசம், கதை மூலக் கதையைவிட அழுத்தமானது. விட்சருக்கு அப்படி ஒரு கருவி 2024-ல்தான் வந்தது. ஆனால் முதல் முறை ஆடும்போது பிழைதிருத்த மோடு ஒன்றைத் தவிர எதையும் போடாதே. மோடு மேல் மோடாகப் போட்டு, ஆடாமல் அடுக்குவதிலேயே விடுமுறையைக் கழித்தவர்கள் உண்டு.

வீட்டில் ஒரே ஹால், ராத்திரி அம்மா பக்கத்தில் சீரியல் பார்ப்பார்கள் என்றால் இதையும் தெரிந்துகொள். விட்சர் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. ஆரம்பக் காட்சியே குளியல் தொட்டியில் கெரால்ட், எதிரே உடையில்லாமல் அவன் காதலி யெனெஃபர். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகாதே. ஸ்கைரிமில் ரத்தம் உண்டு, இந்தச் சங்கடம் இல்லை.

இசைக்காக மட்டும் ஒரு நல்ல ஹெட்போன் எடுத்துக்கொள். ஜெரமி சோலின் ஸ்கைரிம் இசையில் சேர்ந்து பாடியவர்கள் முப்பது பேர், அதை மூன்று முறை பதிவு செய்து அடுக்கித் தொண்ணூறு பேர் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள், வரிகள் டிராகன் பாஷையில். ஆனால் அந்த முழக்கத்தைவிட, ஒயிட்ரன் என்கிற ஊருக்கு வெளியே சாயங்காலம் நடக்கும்போது தானாக வருகிற மெல்லிய இசைதான் எனக்கு உசத்தி.

வாங்குகிற முறை இப்படி. சலுகைக்குக் காத்திரு, இரண்டுமே வருஷத்தில் பலமுறை பாதி விலைக்கும் கீழே வரும். விட்சர் வாங்கும்போது இரண்டு கூடுதல் கதைகளும் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷனைப் பார்த்து வாங்கு. ஸ்டீமில் முதலில் ஸ்கைரிம் எடு. வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் காசைத் திருப்பிக் கேட்கலாம். டிராகனிடமிருந்து தப்பிக் குகையை விட்டு வெளியே வந்ததும் உன்னைக் கவனி. கூட வந்தவன் காட்டிய பாதையை விட்டு எதிர்ப்பக்க மலையில் தெரிகிற அந்தப் பாழடைந்த கல் வளைவுகள் என்னவென்று பார்க்கக் கால் தானாகப் போனால் ஸ்கைரிமிலேயே இரு. திரையிலிருக்கும் அம்புக்குறியையே தேடிக்கொண்டிருந்து, அது இல்லாத நேரத்தில் கொட்டாவி வந்தால், இரண்டு மணி நேரம் ஆவதற்குள் நிறுத்தி, பணத்தை ஸ்டீம் வாலட்டுக்கே திருப்பி வாங்கி, அதில் விட்சரை எடுத்துக்கொள். எது எடுத்தாலும் அந்த ரேம் குச்சியை முதலில் பார். மாடல் நம்பர் அனுப்பினால் எது பொருந்தும் என்று சொல்கிறேன்.